பெட்டியறை வாசலில் நின்ற செருப்பு

சாராள் படியேறி வந்த கோலத்தைப் பார்த்ததும் லிங்கேஸ்வரன் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். ஏழு மாத வயிறு. கம்பத்திலிருந்து பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறாள் என்பது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதிலேயே தெரிந்தது. பழனிசெட்டிபட்டி கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருக்கும் வக்கீல் எப்சிபாவின் அலுவலகத்துக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. ஆனால் இப்படி ஓடி வந்தவர்களும் குறைவுதான்.

"எப்சிபா அக்கா நீங்கதான? எங்க வீட்டுக்காரருக்குப் பதினாலு வருசம்னு சொல்றாகக்கா."

எப்சிபா கையிலிருந்த கேஸ் கட்டை மூடிவைத்தார். ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள் நிதானத்துக்குப் பேர்போனவர். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் மேசையைத் தட்டிக் கத்தும்போதுகூட மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கத்துபவருக்கு அதுவே பாதித் தோல்வி.

"உக்காரும்மா. மொதல்ல தண்ணி குடி. என்ன செஞ்சாருன்னு புடிச்சிருக்காக?"

"சாமிப் பெட்டியைத் திருடிட்டாராம்."

சின்னக்கருப்பன்பட்டி மேற்கு மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். அங்கே ராஜபாண்டியின் வீட்டுக்குப் பெட்டி வீடு என்று பெயர். அவர்கள் வகையறாவின் குலசாமிக்குரிய வெள்ளி அங்கியும் பொன் நெற்றிப்பட்டமும் வெண்கல மணிகளும் ஒரு மரப்பெட்டிக்குள் வருடம் முழுக்க அந்த வீட்டு உள்ளறையில் இருக்கும். ஆடிக் கும்பிடு அன்று மட்டும் பெட்டியைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மற்ற நாட்களில் காலையும் மாலையும் அதற்கு விளக்கேற்ற வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

ராஜபாண்டி குடும்பத்தோடு போடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டார். விளக்கேற்றுவதற்காக வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பங்காளி மலைச்சாமியிடம் கொடுத்திருந்தார். மறுநாள் காலையில் விளக்கேற்ற வந்த மலைச்சாமி, மேற்கு ஜன்னலின் கம்பிகள் பெயர்ந்து, கதவு திறந்து, பெட்டி காணாமல் போயிருப்பதைப் பார்த்து ஊரைக் கூட்டினார். தரையெல்லாம் சேற்றுச் செருப்புத் தடம். ஜன்னலுக்கு வெளியே ஒற்றைச் செருப்பு. அது சாராளின் கணவன், எலக்ட்ரீசியன் ஜஸ்டினுடையது என்று ஊரே அடையாளம் சொன்னது. போதாக்குறைக்கு, நல்ல இருட்டில் ஜஸ்டின் அந்த வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஓடியதைத் தன் கண்ணால் கண்டதாகவும், காற்றுக்குப் பயந்து ஓடுகிறான் என்று அப்போது நினைத்ததாகவும் மலைச்சாமி சாட்சி சொல்லியிருந்தார்.

"பதினாலு வருசமெல்லாம் நெசமாவா?" என்றாள் சாராள். "இந்தப் புள்ள ஒம்பதாப்புப் போகயிலதான் அப்பன் மொகத்தைப் பாக்கும்னு டீக்கடையில நின்னு சிரிக்கிறாகக்கா."

லிங்கேஸ்வரனுக்கு இதுபோன்ற கேள்வி கிடைத்தால் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி. ஜூனியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் அவனுக்குப் பிரிவு எண்களின் மீதுள்ள காதல் குறையவில்லை.

"அது உச்சபட்சம்க்கா. புதுச் சட்டம் நியாய சன்ஹிதாவுல முந்நூத்தி முப்பத்தொண்ணாவது பிரிவு. போலீஸ் பாஷையில கன்னக்களவும்பாக. வெறுமனே வீட்டுக்குள்ள திருடுனா ஏழு வருசம் வரைக்கும். பூட்டை ஒடைச்சோ, ஜன்னல் வழியாவோ, செவுரு ஏறியோ நொழைஞ்சு திருடுனா பத்து வரைக்கும். அதையே சூரியன் மறைஞ்சதுக்கும் உதிக்கிறதுக்கும் நடுவுல செஞ்சா பதினாலு வரைக்கும். ஒடம்பு முழுக்க உள்ள போகணும்னுகூட இல்ல, ஜன்னல்ல கைய விட்டாலே நொழைஞ்ச மாதிரிதான்."

"லிங்கு," என்றார் எப்சிபா. "அந்தப் புள்ள மொகத்தைப் பாத்துப் பேசு."

சாராளின் கண்கள் நிரம்பிவிட்டிருந்தன.

"செருப்பு அவருதா?"

"அவருதுதான்க்கா. கர்த்தருக்குப் பயந்து சொல்றேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது அவரு கால்ல இல்ல. போன வாரம் ராஜபாண்டி அய்யா வீட்டுல ஒயரிங் வேலைக்குப் போனாரு. வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு, வேலை முடிஞ்சு வந்து பாத்தா காணோம். வெறுங்காலோட வீட்டுக்கு வந்தாரு. யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாகன்னு நானும் சிரிச்சேன்."

"அன்னைக்கு ராத்திரி எங்க இருந்தாரு?"

"பேய்க் காத்துக்கா அன்னைக்கு. பொழுது சாஞ்சதுல இருந்து விடியிற வரைக்கும் விடவே இல்ல. எங்க வீட்டுக் கூரைத் தகரமே பறந்துபோச்சு. கூடலூர் ரோட்டுல ஒரு தோட்டத்துல மோட்டாருக்குப் போற ஒயர் அறுந்துபோச்சுன்னு போன் வந்துச்சு. போனாரு. தோட்டக்காரரு வீட்டுக்குப் போயிட்டாரு, இவரு மட்டும் அங்கன கெடந்து சரி பண்ணிட்டு வந்தாரு. பாத்தவுக யாருமில்ல."

எப்சிபா எழுந்து கார் சாவியை எடுத்தார். "லிங்கு, ஒரு கேஸை ஆபீஸ்ல உக்காந்து பாக்க முடியாது. வா, போவோம். நீ இங்கனயே படுத்து ரெஸ்ட் எடும்மா. போன் பண்றேன்."

கம்பம் தாண்டியதும் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. ஆடி மாதத்தில் மலைக் கணவாய் வழியாக இறங்கும் மேற்குக் காற்றுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் எதிரே நிற்பதில்லை. ஆடி முடியும்வரை மேற்கு ஜன்னலைத் திறக்கிறவன் கிறுக்கன் என்பது ஊர் வழக்கு. மலையிலிருந்து தெறித்த சாரலில் தோட்டத்துப் பாதைகள் சேறாகிக் கிடந்தன.

ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு மோட்டார் ரூம். அதன் கதவைப் பூட்டிக்கொண்டு, வாட்டசாட்டமான ஒருவர் வெளியே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு காரை நோக்கி வந்தார்.

"வக்கீலம்மாவா? நான்தான் மலைச்சாமி. இந்தக் கேஸுக்கெல்லாம் நீங்க வரலாமா? சாமி சொத்தும்மா. அவனை விட்டுட்டா ஊருக்கு ஆகாது."

"பாத்துட்டுப் போறோம்ணே," என்றார் எப்சிபா. "நீங்களும் வாங்க. உங்க சாட்சிதான முக்கியம்."

அந்த வார்த்தை மலைச்சாமிக்குப் பிடித்திருந்தது. முன்னால் நடந்தார்.

பெட்டி வீட்டில் சப்-இன்ஸ்பெக்டர் மதன்குமார் இருந்தார். மரியாதையான இளைஞர். தடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, அந்த அறைக்குள் யாரும் போகாமல் பாதுகாத்து வைத்திருந்தார். ராஜபாண்டியோ யாரையும் கண்ணெடுத்துப் பார்க்கும் நிலையில் இல்லை. மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"என்னத்தப் பாக்கப் போறீக?" என்றார். "எங்க பாட்டன், பூட்டன் காலத்துல இருந்து இந்த வீட்டுல இருந்த பெட்டி. எங்காலத்துல போச்சு. இன்னும் பத்து நாள்ல கும்பிடு. எந்த மொகத்தோட ஊருக்கு முன்னால நிப்பேன்?"

ஜன்னல் அறை பார்க்க வேடிக்கையாக இருந்தது. தரை, பரண், சாமி படங்கள், மின்விசிறி என எங்கும் வெள்ளை வெளேரென்று இலவம் பஞ்சு அப்பிக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்குத் தலையணை தைக்கப் போடியிலிருந்து பஞ்சு வாங்கி, கொட்டை எடுத்து, அந்த மூலையில் குவித்து வைத்திருந்ததாக ராஜபாண்டியின் மனைவி உமாதேவி சொன்னார்.

"மூடி வைக்கலையா?"

"ஜன்னல்தான் சாத்தியிருந்துச்சேம்மா. ஆடியில அதை நாங்க தெறக்கவே மாட்டோம். ராத்திரியெல்லாம் தெறந்து கெடந்திருக்கு, பாருங்க கோலத்தை."

எப்சிபா குனிந்து தடங்களைப் பின்தொடர்ந்தார். ஜன்னலில் தொடங்கி அறையைக் குறுக்கே கடந்து பெட்டியறை வாசல்வரை போயின. வாசற்படிக்கு வெளியே, கடைசி இரண்டு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஜோடியாக இருந்தன. சேறு நன்றாகவே பதிந்திருந்தது. பெட்டியறைக்குள் ஒரு துளி சேறு இல்லை.

"இதுக்கு மேல தடம் இல்லையே சார்?"

"சேறு தீந்துபோயிருக்கும் மேடம்," என்றார் மதன்குமார்.

"கடைசித் தடத்துலதான சேறு நெறைய இருக்கு."

மதன்குமார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

லிங்கேஸ்வரன் இதற்குள் வெளியே ஒரு சுற்று சுற்றி, எதிர்வீட்டு வினோத்ராஜைக் கையோடு இழுத்து வந்துவிட்டான். ஊரில் ஆடு குட்டி போட்டாலும் ஸ்டேட்டஸ் வைக்கும் ஆள் வினோத்ராஜ். அன்று காலையில் மலைச்சாமி சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவனும் அவன்தான். வந்த கையோடு போனில் வீடியோ எடுத்திருக்கிறான்.

"சாமி பெட்டி போச்சுன்னு அவரு அழுகுறாரு, நான் வீடியோ எடுக்குறேன்," என்றான் கூச்சத்தோடு. "எங்கம்மா பிச்சு எடுத்துட்டாக. அதான் ஸ்டேட்டஸைத் தூக்கிட்டேன். போன்ல இருக்கு."

வீடியோ ஓடியது. ஜன்னல் திறந்திருந்தது. மலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டிருந்தார். எப்சிபா அவரைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் முறை ஓடவிட்டபோது லிங்கேஸ்வரனுக்கும் அது கண்ணில் பட்டது. "மேடம், மேடம்," என்று மட்டும் சொன்னான்.

"சத்தம் போடாத. எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லு."

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். எப்சிபா மலைச்சாமியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, நீங்க ஜஸ்டினைப் பாத்தது ராத்திரியா, பகலா?"

"ராத்திரிம்மா. நல்ல இருட்டு."

"விடிஞ்சப்புறமா இருக்குமோ? தூக்கக் கலக்கத்துல நேரம் தெரியாமப் போயிருக்கலாம். தப்பில்ல, இப்பவும் மாத்திச் சொல்லலாம்."

"தூக்கமாவது கலக்கமாவது. ராத்திரிதான். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"பகல்னா தண்டனை கொறையும், ராத்திரின்னா கூடும். ஒரு ஆளோட வாழ்க்கை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கூடட்டுமேம்மா. சாமி பெட்டியில கை வச்சவன் பதினாலு வருசம் கெடக்கட்டும். எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்வேன்."

"சரிண்ணே. எல்லாரும் கேட்டுக்கிட்டீக." எப்சிபா வினோத்ராஜின் போனை ராஜபாண்டியிடம் நீட்டினார். "அய்யா, இதுல மூலையைப் பாருங்க. மலைச்சாமி அண்ணன் சத்தம் போட்ட ஒடனே எடுத்தது. என்ன தெரியுது?"

ராஜபாண்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பஞ்சு இருக்கு."

"எப்படி இருக்கு?"

"குவிச்சபடி இருக்கு." உமாதேவி எட்டிப் பார்த்துச் சொன்னார். "நான் குவிச்சு வச்சபடியே இருக்கேம்மா. இப்பத்தான் ஒண்ணு ரெண்டு பறக்க ஆரம்பிக்குது."

"சார், நீங்க கம்பத்துல இருந்து வந்து எடுத்த போட்டோவுல?"

மதன்குமாருக்குத் தன் போனைப் பார்க்கத் தேவையில்லை. "ரூம் முழுக்கப் பறந்து கெடந்துச்சு மேடம்," என்றார் மெதுவாக.

"நீங்க வர்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அம்புட்டுப் பஞ்சையும் காத்து வாரி எறைச்சிருச்சு. அன்னைக்கு ராத்திரி முழுக்க அதைவிடப் பெரிய காத்து. ஊருல தகரமெல்லாம் பறந்திருக்கு. ஜன்னல் ராத்திரியே தெறந்திருந்தா, விடியிறப்ப அந்த மூலையில ஒரு கைப்பிடிப் பஞ்சு மிஞ்சியிருக்குமா? இந்த ஜன்னலைத் தெறந்தது, அண்ணன் சத்தம் போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். அதுவும் நல்லா விடிஞ்சப்புறம்."

மலைச்சாமி சிரிக்க முயன்றார். "அப்ப அந்தப் பய காலையிலதான் வந்திருப்பான். எனக்கென்ன தெரியும்?"

"இப்பத்தான ராத்திரின்னு அடிச்சுச் சொன்னீக? சரி, செருப்புக்கு வருவோம். சேத்துச் செருப்போட ஜன்னல்ல குதிச்ச திருடன், பெட்டியறை வாசல்ல வந்ததும் நின்னிருக்கான். ஜோடியாக் கழட்டி வச்சிருக்கான். அப்புறம்தான் உள்ள போயிருக்கான். ஜஸ்டினும் என்னைய மாதிரி சர்ச்சுக்குப் போற ஆளு. அவனுக்கு அது பெட்டியறைன்னு தெரிஞ்சிருக்கலாம். ஆனா திருடப் போற அவசரத்துல வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டுறதுக்கு அது அவன் கும்புடுற சாமி இல்ல. கழட்டுனவன் இந்த வகையறா. பொய்யாத் தடம் பதிக்கும்போதுகூட, சாமி ரூமுக்குள்ள செருப்புக் காலோட போக அவருக்கு மனசு வரல."

ராஜபாண்டி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பங்காளியைப் பார்த்தார்.

"போன வாரம் ஜஸ்டின் செருப்பு இந்த வாசல்லதான் காணாமப் போச்சு. பக்கத்து வீட்டுல இருந்து வந்து எடுக்க எம்புட்டு நேரமாகும்? சாவி கையில இருக்கிறவர் ஜன்னலை ஒடைப்பாரான்னு எல்லாரும் நெனச்சீக. அப்படி நெனைக்கணும்னுதான் ஜன்னலை ஒடைச்சது. அண்ணன் சாவகாசமா உள்ள இருந்து கம்பியைப் பேத்து, தடம் பதிச்சு, எல்லாம் முடிஞ்சு கடைசியா ஜன்னலைத் தெறந்து ஒத்தைச் செருப்பை வெளிய எறிஞ்சிட்டுச் சத்தம் போட்டாரு. பஞ்சு மேல அவரு கண்ணு போகல."

"அப்ப எங்க பெட்டி?" ராஜபாண்டியின் குரல் உடைந்தது. "பெட்டி எங்கம்மா?"

"லிங்கு, நாம வந்தப்ப அண்ணன் எங்க இருந்து வந்தாரு?"

"மோட்டார் ரூம்ல இருந்து மேடம்." சொல்லும்போதே லிங்கேஸ்வரன் எழுந்துவிட்டான். "செருப்பு வெளிய கெடந்துச்சு. வெறுங்காலோட உள்ள போயிருக்காரு. சேறும் கிரீஸுமாக் கெடக்குற மோட்டார் ரூமுக்குள்ள எவனாச்சும் செருப்பைக் கழட்டிட்டுப் போவானா?"

அவன் ஓடினான். போலீஸும் பின்னால் ஓடியது. ஊரே ஓடியது. ராஜபாண்டி மேல்துண்டு விழுந்தது தெரியாமல் ஓடினார்.

மலைச்சாமியின் இடுப்பிலிருந்த சாவியை வாங்கி மதன்குமார் கதவைத் திறந்தார். தரை கழுவிக் கோலம் போட்டிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில், புதுப் பட்டு விரித்த பலகையின்மேல் மரப்பெட்டி இருந்தது. முன்னால் நல்லெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் முத்திரைக் கயிறு பிரிக்கப்படவே இல்லை. ராஜபாண்டி வாசலிலேயே விழுந்து கும்பிட்டார். அப்படியே கிடந்து வாய்விட்டு அழுதார். உமாதேவி குலவையிட, கூட்டத்திலிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"நான் திருடல," என்றார் மலைச்சாமி. இப்போது அவர் குரல் வேறாக இருந்தது. "ஒரு குந்துமணி எடுக்கல. ஒரு வேளை விளக்கு தவறல. எங்கய்யாவும் இதே வம்சக் கொடிதான? பெட்டி எங்க வீட்டுக்கு ஒரு தடவையாச்சும் வந்துச்சா? கும்பிடுக்கு மொத நாள் என் தோட்டத்துல கெடைச்சதுன்னு சொன்னா, சாமி தேடி வந்த எடம்னு ஊரே ஒத்துக்கிரும்னு நெனச்சேன்."

"அதுக்கு அந்தப் பயலை ஏன்யா மாட்டிவிட்டே?" என்றார் ராஜபாண்டி தரையிலிருந்தபடியே.

மதன்குமார் தோளைத் தொட்டபோது, மலைச்சாமி லிங்கேஸ்வரன் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார். "எனக்கு எம்புட்டு வருசம் தம்பி?"

லிங்கேஸ்வரன் எப்சிபாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"சாவியை அவுக நம்பிக் குடுத்தாக. நீங்க நொழையல, வெளக்கேத்தப் போனீக. அதனால கன்னக்களவு வராதுன்னு உங்க வக்கீல் வாதாடலாம். வீட்டுக்குள்ள திருட்டு, ஏழு வருசம் வரைக்கும்."

மலைச்சாமி பெருமூச்சு விட்டார். ஏழு என்பது அவருக்கு அப்போது சின்ன எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"அது பெட்டிக்குண்ணே," என்றார் எப்சிபா. "செருப்புக்கு வேற. பெரிய குத்தத்துல ஒருத்தரைத் தண்டிக்க வைக்கணும்னு பொய்ச் சாட்சியம் உண்டாக்குனா, அந்தக் குத்தத்துக்கு என்ன தண்டனையோ அதுதான் உண்டாக்குனவருக்கும். பகல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்தோட நின்னிருக்கும். அதுக்குத்தான் மூணு தரம் கேட்டேன். நீங்கதான் ராத்திரின்னீக."

பதினாலு வருடம் என்ற பேச்சை டீக்கடை முதல் போலீஸ் ஸ்டேஷன்வரை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மலைச்சாமிதான். ஜீப்பில் ஏறும்போது அவர் காலில் செருப்பு இல்லை. மோட்டார் ரூம் வாசலில் மறுபடியும் கழற்றி வைத்ததை மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

"மாஜிஸ்ட்ரேட்கிட்ட நானே அறிக்கை குடுத்துர்றேன் மேடம்," என்றார் மதன்குமார். "நாளைக்கு ஜஸ்டின் வெளிய வந்துருவாரு."

லிங்கேஸ்வரன் அதற்குள் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டான். சாராள் எடுத்ததும் பிரிவு எண்ணில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. எப்சிபா போனை அவனிடமிருந்து வாங்கினார்.

"அக்கா," என்றது மறுமுனை. காற்றின் இரைச்சலில் அந்தக் குரல் சின்னதாகக் கேட்டது. "புள்ள பொறக்கயில அவரு பக்கத்துல இருப்பாருல்லக்கா?"

நிதானத்துக்குப் பேர்போன எப்சிபா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"இருப்பாரும்மா," என்றார். "நாளைக்கு வரும்போது ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் எடுத்துட்டு வா. அவரு செருப்பு கோர்ட்டுல கெடக்கு."